விசுவாசத்துக்காக நன்றி சொல்லப் பழகுதல்: சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கோயிலில் நன்றியாகக் கொடுக்கும் ஸ்தோத்திர காணிக்கைக் கவரில் பெயர், தொகை, காரணம் என்று மூன்று கோடுகள் அச்சிட்டிருக்கும். ஞாயிறு ஆராதனையில் ஐயர் (சபைப் போதகர்) அந்தக் காரணங்களை வாசிக்கும்போது கவனித்துக் கேட்டுப்பாருங்கள். பிறந்த நாள், திருமண நாள், மகளுக்கு வேலை கிடைத்தது, புது வீட்டுக்குக் குடிபோனது, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பேரனுக்கு விசா வந்தது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். "ஆண்டவர் எனக்கு விசுவாசத்தைத் தந்ததற்காக" என்று ஒரு கவரில் எழுதி வாசிக்கக் கேட்டது மட்டும் மிக அபூர்வம்.

இதை நன்றிகெட்டதனம் என்று சொல்ல மாட்டேன். வேலையும் விசாவும் ஒரு குறிப்பிட்ட நாளில் கைக்கு வருகின்றன. நேற்று இல்லை, இன்று இருக்கிறது என்று தெளிவாகத் தெரிகிறது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விசுவாசம் ரேஷன் கார்டு மாதிரி. எப்போதும் பீரோவில் இருந்திருக்கிறது. யார் அலைந்து வாங்கினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கோ வேறு சிரமம். உள்ளே ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியும், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாது. சபையில் மற்றவர்கள் சரளமாக "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அடுக்கும்போது நமக்கு மட்டும் வாய் வரவில்லையே என்று கூச்சமாக இருக்கும்.

இந்த இரண்டு தரப்பாருக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன் என்பதால் அந்த வாடை இருக்கும். கத்தோலிக்கர்களும் பெந்தெகொஸ்தே சபையாரும் தங்கள் வழக்கப்படி மாற்றிக்கொள்ளலாம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விசுவாசத்துக்காக நன்றி சொல்வது என்றால் கண்ணை மூடி உருகுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உருக்கம் வந்தால் வரட்டும். ஆனால் முதல் வேலை விசாரிப்பது. நமக்கு இது யார் யார் வழியாக வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், சொல்ல வேண்டிய நன்றி பாதி தானாகவே வந்துவிடும்.

யார் வழியாக வந்தது?

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தைத் திறந்ததும் இதுதான் இருக்கிறது. உன்னுடைய மாயமற்ற விசுவாசத்தை நினைத்துத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார். உடனே அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறார்: முதலில் பாட்டி லோவிசாள், அப்புறம் தாய் ஐனிக்கேயாள். இரண்டு பெண்களின் பெயர்கள் வேதத்தில் நிற்பதற்கு ஒரு வாலிபனுக்கு அவர்கள் கொடுத்த விசுவாசமே காரணம். தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனிலும் எழுதலாம், ஆனால் நோட்டு நல்லது. பின்னால் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். அதில் உங்கள் லோவிசாள், ஐனிக்கேயாள் யார் என்று எழுதத் தொடங்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

அவர்களிடம் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். "பாட்டி, நாம எப்படிக் கிறிஸ்தவங்களானோம்?" என்று கேட்டால், "அது தாத்தா காலத்துலேருந்தே அப்படித்தான்" என்ற பதிலோடு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். உங்களுக்கு முதன்முதலில் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொடுத்தது யார்? கோயிலுக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? அந்தக் காலத்து உபதேசியார் பெயர் என்ன, கோபக்காரரா? குடும்ப ஜெபத்தில் யார் வாசிப்பார்கள், யார் தூங்கி விழுவார்கள்? சிறு வயதில் மனப்பாடம் பண்ணின சங்கீதம் எது? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலாக அந்தச் சங்கீதமே முழுதாக வரும். இடையில் மறித்துப் பேசாதீர்கள்.

வீட்டில் கேட்க ஆளில்லை என்றால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் நிற்க வேண்டாம், ஐயருக்கு அன்று மூச்சுவிட நேரமிருக்காது. வாரநாளில் முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுப் போங்கள். ஏறக்குறைய எந்த ஆண்டு, தகப்பன் பெயர் என்ன என்று தெரிந்துகொண்டு போனால் தேடுவது எளிது. பழைய பதிவேடுகள் பல ஆங்கிலத்தில் கையெழுத்தாக இருக்கும்; காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார்கள் என்பதால் எழுத்துகள் மாறியிருக்கும். பெற்றோர் பெயர், ஊர், தகப்பன் செய்த தொழில், ஞானஸ்நானம் கொடுத்த குருவின் கையெழுத்து என்று ஒரே வரியில் எவ்வளவோ கிடைக்கும். கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேட்டில் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். படம் எடுக்க வேண்டுமானால் அனுமதி கேளுங்கள். அடுத்த வரியில் இருப்பது வேறொருவர் குடும்பம்.

இப்படியே பின்னால் போனால் சில ஊர்களில் கதை வெகுதூரம் போகும். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர் 1530-களிலேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். கன்னியாகுமரிப் பக்கத்துப் பழைய எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) சபைகள் மயிலாடியிலிருந்து தொடங்குகின்றன. அந்த ஊர் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி, மிஷனரி ஒருவர் வர வேண்டும் என்று முயற்சி எடுத்தார். 1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பிராமண விதவை 1785-இல் கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அந்தச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தது 40 பேர், பிள்ளைகளையும் சேர்த்து. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் பலரும் தங்கள் சபை வரலாற்றை அந்தப் பட்டியலிலிருந்துதான் சொல்லத் தொடங்குவார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் ஒரு வாத்தியார், அவர் பெயர்கூட நமக்கு அதிகம் பழக்கமில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, சிறுபிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அந்தப் பழக்கம்தான் ஒன்பது ஆண்டுகளில், 1715-இல், அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடாக வந்து நின்றது. விரலைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தபோது அந்த வாத்தியார் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் நம் கையிலிருக்கும் வேதாகமத்துக்கு அவரும் ஒரு காரணம். உங்கள் நோட்டிலும் இப்படிப்பட்டவர்களுக்கு இடம் விடுங்கள்.

முதல் தலைமுறையாக வந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். பதிவேட்டில் உங்கள் பெயருக்கு மேலே உங்கள் குடும்பத்தார் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹாஸ்டலில் இரவு ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்த ரூம்மேட், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வந்து நின்று ஜெபித்த யாரோ ஒரு சாப்ளின் (ஆஸ்பத்திரிப் போதகர்), பஸ்ஸில் புதிய ஏற்பாட்டுக் கைப்பிரதி கொடுத்த முகம் நினைவில்லாத ஆள். பெயர் தெரியாவிட்டால் "பஸ்ஸில் வந்தவர்" என்றே எழுதுங்கள். உங்கள் அம்மா அப்பா பெயரையும் எழுதுங்கள். பொய் சொல்லக் கூடாது, பசித்து வந்தவனுக்குச் சோறு போட வேண்டும், சாமி முன்னால் செருப்போடு நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது அவர்கள்தானே. தேவபயம் என்று நீங்கள் இன்று சொல்வதை அவர்களிடமிருந்துதான் முதலில் பார்த்திருப்பீர்கள்.

ஜெபத்தில் எப்படிச் சொல்வது?

பட்டியல் கொஞ்சம் சேர்ந்ததும் அதை ஜெபமாக்க வேண்டும். இதற்குச் சங்கீதம் 136-ஐவிடச் சுலபமான மாதிரி எனக்குத் தெரியாது. மொத்தம் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றுதான் முடிகிறது. முன்பாதி மட்டும் மாறிக்கொண்டே போகும்: வானம், பூமி, சூரியன், எகிப்து, சிவந்த சமுத்திரம், வனாந்தரம். அதோடு நிற்கவில்லை, எமோரியரின் ராஜாவாகிய சீகோன், பாசானின் ராஜாவாகிய ஓக் என்று ஆள் பெயர்களும் வருகின்றன. பொதுப்படையாக "எல்லா நன்மைக்கும்" என்று முடித்துவிடாமல் பெயர் சொல்லித்தான் நன்றி சொல்கிறான் சங்கீதக்காரன்.

அதே அச்சில் உங்கள் வரிகளை எழுதிப்பாருங்கள். முன்பாதி உங்களுடையது, பின்பாதி சங்கீதத்தினுடையது. உதாரணத்துக்கு இப்படி வரலாம் (வி.பி.எஸ். என்பது கோடை விடுமுறையில் சபை நடத்தும் வேதாகமப் பள்ளி):

"விடிய நாலு மணிக்கு எழுந்து எனக்காக ஜெபித்த ஆச்சியைத் தந்தவரைத் துதிக்கிறேன், அவர் கிருபை என்றுமுள்ளது. வி.பி.எஸ்ஸுக்கு வர மாட்டேன் என்று அழுதவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போன எதிர்வீட்டு அக்காவைத் தந்தவரைத் துதிக்கிறேன். அவர் கிருபை என்றுமுள்ளது. காலேஜில் கோயில் பக்கமே போகாமல் திரிந்த காலத்திலும் என்னை விட்டுவிடாதவரைத் துதிக்கிறேன். அவர் கிருபை என்றுமுள்ளது."

எட்டு பத்து வரி போதும். எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். தனியறையில்தானே வாசிக்கிறீர்கள், சந்தியும் இலக்கணமும் பார்க்க வேண்டாம். வீட்டில் குடும்ப ஜெபம் இருந்தால் ஒருவர் முன்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லலாம். சிறுபிள்ளைகள் இதில் ஆர்வமாகக் கலந்துகொள்வார்கள். பிள்ளைகள் சொல்லும் முன்பாதிகளைத் திருத்தாதீர்கள். "சண்டே ஸ்கூல்ல பிஸ்கெட் குடுக்கற மிஸ்ஸைத் தந்தவரைத் துதிக்கிறேன்" என்று வந்தால் அதுவும் சரியான ஸ்தோத்திரம்தான்.

ஆயிரம் ஸ்தோத்திரம் என்று வரிசையாகச் சொல்லும் வழக்கமும் நம் சபைகளில் உண்டு. பழகியவர்களுக்கு அது பலன் தருகிறது, குறை சொல்லவில்லை. புதிதாக வருகிறவர் அங்கே தொடங்கினால் இருநூறைத் தாண்டும்போது மனம் வேறெங்கோ போய்விடும். உங்களுடைய எட்டு வரியில் தொடங்குங்கள்.

எப்போது சொல்வது என்று கேட்டால், இரவு படுக்கும் முன்பு என்பேன். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் (1491–1556) சொல்லிக்கொடுத்த தினசரி ஆத்தும சோதனையில் முதல் படியே நன்றிதான். பாவங்களைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைப் பிராட்டஸ்டண்டுகளும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நன்றியில் தொடங்கிய பிறகு குற்றத்தை ஒத்துக்கொள்வது அவ்வளவு பயமாக இருப்பதில்லை. அதோடு ஆண்டில் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஞானஸ்நானம் பெற்ற நாள் அல்லது திடப்படுத்தல் பெற்ற நாள். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறோம், இந்த நாள் பலருக்குத் தேதியே தெரியாது. பதிவேட்டைப் பார்க்கப் போகும்போது இதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

சபையில் சொல்வது

மறுபடியும் கவருக்கு வருவோம். காரணம் என்ற கோட்டில் "ஞானஸ்நானம் பெற்ற நாளை நினைத்து" என்றோ "விசுவாசத்தில் இம்மட்டும் நடத்தியதற்காக" என்றோ எழுதலாம். தொகைக்கு விதி எதுவும் இல்லை. இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு கவனித்துச் சொன்னார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் தொகையை வாசிக்கும்போது நம் தொகை கண்ணை உறுத்தும். உறுத்தினால் பெயர் போடாமல் கொடுத்துவிடுங்கள். கத்தோலிக்கக் கோயிலில் பங்கு அலுவலகத்தில் சொல்லி, உங்கள் கருத்துக்காக நன்றித் திருப்பலி கேட்கலாம். என்ன கருத்து என்று கேட்பார்கள். "பெற்றோர் கொடுத்த விசுவாசத்துக்காக நன்றி" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. நம் கிராமத்துச் சபைகளில் பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். பல வீடுகளில் இது நின்றுபோனது எனக்கு வருத்தம்தான். பணத்தை மாதம் ஒருமுறை நினைத்தால் போதும். அரிசியைத் தினமும் நினைத்தாக வேண்டும். தினம் நினைக்க வைக்கும் ஏதாவது ஒரு சின்ன வழக்கத்தை உங்கள் வீட்டுக்குத் தோதாக வைத்துக்கொள்ளுங்கள். அறுப்பின் பண்டிகை வந்தால் வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காயையோ வாழைக்குலையையோ கொண்டுபோங்கள். கொண்டுவந்ததைக் கோயிலில் ஏலம் விடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏலத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்: நாலு எலுமிச்சம்பழம் சந்தை விலையைப் பலமடங்கு தாண்டிப் போகும். யாரும் எலுமிச்சம்பழத்துக்காக ஏலம் கேட்பதில்லை என்பது சற்று நேரத்தில் புரிந்துவிடும். சில சமயம் இரண்டு குடும்பங்களின் வீம்பும் விலையை ஏற்றிவிடும், அதையும் சொல்ல வேண்டும்.

சாட்சி சொல்ல அழைத்தால் என்ன செய்வது? பெந்தெகொஸ்தே சபைகளில் இது சீக்கிரமே வரும். மற்ற சபைகளிலும் வாட்ச் நைட் (புத்தாண்டுக்கு முந்தின இரவு) ஆராதனையிலோ வீட்டு ஜெபக் கூட்டத்திலோ வரும். மூன்று நிமிஷத்துக்குமேல் போகாதீர்கள். என்ன இருந்தது, யார் வந்தார்கள், என்ன மாறியது, இப்போது எதற்காக நன்றி சொல்கிறேன் என்ற வரிசையில் சொன்னால் நேரம் போதும். முன்பு செய்த பாவங்களை விவரித்துச் சொல்லும் பழக்கம் சாட்சி சொல்கிறவர்களிடம் இருக்கிறது. குடியைப் பற்றிப் பத்து நிமிஷமும் ஆண்டவரைப் பற்றி ஒரு நிமிஷமும் பேசினால் ஜனங்கள் குடியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வாழ்க்கையில் பெரிய திருப்பம் எதுவும் இல்லாதவர்கள் தங்களுக்குச் சாட்சியே இல்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். "சின்ன வயதிலிருந்து என்னை விசுவாசத்தில் வைத்திருந்தார், என் ஆச்சிக்கு நன்றி" என்று இரண்டு வாக்கியம் சொல்லி உட்கார்ந்தாலும் அது சாட்சிதான். அப்படிப்பட்டதைக் கேட்கிறபோது சபையில் பாதிப் பேருக்கு அவரவர் ஆச்சி நினைவு வந்துவிடும்.

உங்கள் வீட்டார் வேறு நம்பிக்கையில் இருந்தால் மேடையில் கூடுதல் கவனம் வேண்டும். "இருளில் இருந்தேன், பேய்களை வணங்கினேன்" என்றெல்லாம் பேசும்படி சிலர் தூண்டுவார்கள். நீங்கள் பேசுவது செல்போனில் பதிவாகிச் சுற்றும். நாளைக்கு உங்கள் அம்மா பார்க்கக்கூடும். ஆண்டவருக்கு நன்றி சொல்ல அம்மாவை அவமானப்படுத்த வேண்டியதில்லை.

நன்றி வழுக்கும் இடம்

லூக்கா 18-இல் பரிசேயன் ஒருவன் தேவாலயத்தில் நின்று ஜெபம் பண்ணுகிறான். அவன் ஜெபம் தொடங்குவதே ஸ்தோத்திரத்தில்தான். நான் பறிகாரரைப்போலவும் அநியாயக்காரரைப்போலவும் இந்த ஆயக்காரனைப்போலவும் (வரி வசூலிப்பவன்) இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான். கேட்பது ஒன்றுமில்லை, முழுக்க நன்றிதான். ஆனால் நீதிமானாக வீட்டுக்குத் திரும்பியவன் ஆயக்காரன் என்று இயேசு முடிக்கிறார்.

விசுவாசத்துக்காக நன்றி சொல்கிற எல்லாரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்போம். வேலைக்காக நன்றி சொல்லும்போது வேலையில்லாதவரைப் பார்த்து இளக்காரம் வருவது குறைவு. விசுவாசம் அப்படியில்லை, "நல்ல வேளை, நான் அவர்களைப்போல இல்லை" என்ற நினைப்பு சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடும். அவர்கள் என்பது பக்கத்துத் தெரு கோயில்காரர்களாக இருக்கலாம், வேறு சபைக்காரர்களாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்க்கிற அண்ணனாக இருக்கலாம். சோதித்துப்பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஜெபத்தில் "அவர்களைப்போல" என்ற வார்த்தையோ அந்த எண்ணமோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். எபேசியர் 2:8-இல் பவுல் இதை முன்பே அடைத்துவைத்திருக்கிறார்: "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." நோட்டில் ஆட்களின் பெயர்களை எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பத்துப் பேர் தூக்கிவந்து சேர்த்தது என்று தெரிந்த பிறகு அதை என் சாமர்த்தியம் என்று சொல்ல வாய் வராது.

வாய் வராத நாட்கள்

சில நாள் ஒன்றும் வராது. ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். சில மாதங்களே அப்படிப் போவதும் உண்டு. அப்போது விசுவாசம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாற்கு 9-இல் பிள்ளையின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்டான். அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். அந்த ஒரு வரியையே உங்கள் ஜெபமாக வைத்துக்கொள்ளலாம்.

சங்கீதங்களில் 13-ஆவது, "எதுவரைக்கும்" என்று முறையிட்டுத் தொடங்கிப் பாட்டில் முடிகிறது. 88-ஆவது அப்படியல்ல. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசிவரை ஒரு ஸ்தோத்திர வார்த்தை கிடையாது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். மனம் அப்படி இருக்கிற நாளில் 136-ஐ வலிந்து வாசிக்காமல் 88-ஐ வாசியுங்கள்.

சாவு வீட்டில் புதிதாக வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்கிறதே என்று, பிள்ளையை இழந்தவளிடம் போய் "ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், கேட்கிறவளுக்கு அது அடி. அதே நிருபத்தில் ஒரு அதிகாரம் முன்னால், மரித்தவர்களுக்காகத் துக்கப்படுகிறவர்களைத் தேற்றும்படி பவுல் எழுதியிருக்கிறார். ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்ற வசனம் நமக்கு நாமே சொல்லிக்கொள்வதற்கு. அடுத்தவர் துக்கத்தில் அதை எடுத்து நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், காபி போட்டுக் கொடுங்கள், பந்தல்காரருக்குப் போன் பண்ணுங்கள்.

ஆளைத் தேடிப்போய்ச் சொல்வது

குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுத்தமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், அவன் சமாரியன். லூக்கா 17-இல் வரும் இந்தக் கதையைக் கேட்காத கிறிஸ்தவர் இல்லை. அவன் இருந்த இடத்திலிருந்தே நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் திரும்பி நடந்து வந்தான். நோட்டில் இருக்கும் பெயர்களில் உயிரோடிருப்பவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள். உங்கள் பழைய சண்டே ஸ்கூல் டீச்சருக்கு இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். வாட்ஸப்பில் மலர்ப் படம் அனுப்பாமல் நேரில் போங்கள், வெளியூர் என்றால் போன் பண்ணுங்கள். நீளமாகப் பேச வேண்டாம். "டீச்சர், நீங்க நாலாங்கிளாஸ்ல சொல்லிக்கொடுத்த வசனம் இன்னும் ஞாபகம் இருக்கு, அதுதான் என்னைக் காப்பாத்துச்சு" என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் "நான் என்னப்பா பண்ணினேன்" என்று மறுத்துவிட்டுச் சாப்பாடு போடக் கிளம்புவார்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இறந்துபோனவர்களுக்கும், பெயர் தெரியாத "பஸ்ஸில் வந்தவர்"களுக்கும் திருப்பிச் சொல்ல வழியில்லை. அதற்கு நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி, வாங்கியதை முன்னால் இருப்பவருக்குக் கொடுப்பது. திருநெல்வேலிச் சபையார் 1903 நவம்பரில் பாளையங்கோட்டையில் கூடி இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்ததும் இந்த மனதோடுதான். வெளிநாட்டார் வந்து நமக்குச் சொன்னார்கள், இனி நம் ஆட்கள் நம் பணத்தில் போகட்டும் என்று தெலுங்கு நாட்டில் தோர்னக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்கள். அந்தச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் அசரியா, 1912-இல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயராகி, அதே தோர்னக்கலுக்குப் போனார்.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயரிடமோ சண்டே ஸ்கூல் சூப்பரின்டெண்டிடமோ உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்கிற சபையை நான் பார்த்ததில்லை. பாடம் நடத்தத் தயக்கமாக இருந்தால் வருகைப் பதிவேடு எழுதலாம், சின்னப் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிடலாம். மே மாதம் வி.பி.எஸ். வந்தால் காலையில் தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருவதற்குத்தான் எப்போதும் ஆள் குறையும். அதற்குப் பெயர் கொடுங்கள். வர மாட்டேன் என்று அழுகிறவன் எந்தத் தெருவிலும் ஒருவனாவது இருப்பான்.